மலர் தூவிய பிறகு

கொங்கு நாட்டு வானத்துக்கு எம்ஐ-17 ஹெலிகாப்டரின் சத்தம் பழகிப்போன ஒன்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களுக்காகவும், அதே ஆண்டு கேரள வெள்ளத்தில் தவித்தவர்களுக்காகவும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்ட வெள்ளத்துக்கு நிவாரணப் பொருள்களோடும் சூலூர் விமானப் படைத் தளத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. ஆளையும் சுமையையும் ஏற்றி இறக்கப் பிறந்த இயந்திரம் அது. போர் விமானத்தைப் போல மின்னலாய் வந்து மறைய அதனால் முடியாது. தாழ்வாகவும் மெதுவாகவும் போனால்தான் அதன் வேலை நடக்கும். ஆபத்தை விட்டு விலகி ஓட முடியாத இருக்கையில் அமர்ந்திருப்பவர்தான் ஹெலிகாப்டர் விமானி. அவர் போரில் உயிர் கொடுக்கும்போது மலர் வளையத்தோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்த உயிர் எதனால் போனது என்று கேட்பதும் அஞ்சலியின் ஒரு பகுதியே.

கார்கில் போரில் மறைந்த ஃப்ளைட் லெப்டினன்ட் எஸ். முகிலனின் கதை இதைத்தான் சொல்கிறது. 1999 மே 28 அன்று திராஸ் பகுதியின் டோலோலிங் மலை மீது ராக்கெட் தாக்குதல் நடத்தப் போன எம்ஐ-17 ஹெலிகாப்டரை எதிரிகள் ஏவுகணையால் வீழ்த்தினார்கள். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், முகிலன், உடன் சென்ற வீரர்கள் பிரசாத், ராஜ் கிஷோர் சாகு ஆகிய நால்வரும் இறந்தார்கள். சுமார் 15,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். சுழலிக்குத் தூக்குவிசை குறையும். சட்டென்று திரும்பி விலகுவது கடினம். தோளில் வைத்து ஏவும் ஏவுகணை எஞ்சினின் வெப்பத்தை மோப்பம் பிடித்து வரும். அதைத் திசைதிருப்ப எரிந்து விழும் ஃபிளேர்தான் விமானிக்குக் கவசம். அன்று ஒன்றாகப் பறந்த ஹெலிகாப்டர் அணியில் ஃபிளேர் பாதுகாப்பு இல்லாமல் பறந்த ஹெலிகாப்டர் இவர்களுடையது. அந்த நிலையிலும் ஏறிப் போனவர்களின் துணிச்சலைப் போற்றும் வாயாலேயே, அந்தக் கவசம் ஏன் இல்லை என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

போர்க்களத்தில் எல்லாம் சரியாக இருக்கும் வரை காத்திருக்க முடியாது, முடிந்தபின் குறை சொல்வது எளிது என்பார்கள். பொதுவாக அது நியாயமான பேச்சு; ஆனால் இங்கே ஆபத்து முன்பே தெரிந்திருந்தது. அந்த உயரத்தில் ஹெலிகாப்டர்கள் எளிதில் இலக்காகிவிடும் என்று விமானப் படைத் தலைமைத் தளபதி டிப்னிஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். மே 21 அன்று ஒரு கான்பரா விமானம் ஏவுகணையால் அடிபட்டுத் திரும்பியது. மே 27 அன்று, அதாவது முந்தைய நாள், விமானி அஜய் அஹுஜாவின் மிக்-21 விமானம் வீழ்த்தப்பட்டது. நால்வரும் இறந்த பிறகுதான் ஹெலிகாப்டர்கள் தாக்குதல் பணியிலிருந்து விலக்கப்பட்டன. அவர்களுடைய மரணம் பின்னால் போகவேண்டியிருந்தவர்களைக் காத்தது. அந்தப் பாடத்தை நான்கு உயிர் கொடுத்துத்தான் கற்க வேண்டுமா என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது.

காரணம் தேடுவது வீரரின் மதிப்பைக் குறைக்கும் என்ற இன்னொரு தயக்கமும் உண்டு. அதற்குக் கொங்கு நாடே பதில் வைத்திருக்கிறது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய எம்ஐ-17வி5, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் விமானி பிருத்வி சிங் சௌகானும் உட்படப் பயணித்த 14 பேரும் உயிரிழந்தார்கள்; அவர்களில் குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி மறைந்தார். விபத்துக்கு மறுநாள் உடல்களைச் சூலூருக்குக் கொண்டுசென்றபோது மேட்டுப்பாளையத்தில் மக்கள் வழிநெடுக நின்று மலர் தூவினார்கள். எதிர்பாராத வானிலை மாற்றத்தால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானி நிலைதடுமாறினார் என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழு சொன்னது. அதைக் கேட்டு, தூவிய மலரை யாரும் திரும்பப் பெறவில்லை. தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்த பிறகும் மதிக்க நம்மால் முடிகிறது. அப்படியிருக்க, டோலோலிங் நால்வரைப் பற்றிப் பேசும்போது அவர்களுக்கு வழங்கப்பட்ட வாயுசேனா பதக்கத்தைச் சொல்லிவிட்டு ஃபிளேரைச் சொல்லாமல் விடுவது அரைகுறை நினைவாகத்தான் இருக்கும். மலர் போனவருக்குச் சேரும். கேள்வியோ, நாளைக்குச் சூலூரில் ஹெலிகாப்டர் ஏறப்போகிறவருக்குச் சேரும்.