வாப்பாவின் பேரேடும் மெய்நிகர் கணினியின் வாசல்களும்

வாப்பா வஃபாத்தான பிறகு நானும் தம்பியும் முதலில் தேடியது அவர்களுடைய கடைக் கணக்கைத்தான். சொத்தைப் பிரிக்கும் முன் கடனைத் தீர்த்தாக வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்பதெல்லாம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே இயங்கும் ஒரு பழைய மென்பொருளில் இருந்தன. கடைக் கணினியோ எழுந்திருக்க மறுத்துவிட்டது. வன்தட்டு மட்டும் பிழைத்தது.

கணினி படிக்கும் என் மகன்தான் வழி சொன்னான். வெர்ச்சுவல்பாக்ஸ் என்னும் இலவச மென்பொருளை என் மடிக்கணினியில் நிறுவி, அதற்குள் ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் பழைய குறுந்தகட்டிலிருந்து எக்ஸ்பியை ஏற்றினோம். கணக்கு திறந்தது. வாப்பா பயன்படுத்திய சுருக்கப் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தபோது சற்று நேரம் எவராலும் பேச முடியவில்லை.

மகன் விடுதிக்குத் திரும்பிய பின் சிக்கல் தொடங்கியது. மாடியில் வசிக்கும் தம்பி, "காக்கா, என் கணினியிலிருந்தே நான் பார்க்க முடியாதா?" என்று கேட்டார். எக்ஸ்பியில் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் வசதி உண்டு, அதைத் திறந்துவிட்டேன். ஆயினும் தம்பியின் கணினியால் அதை எட்ட முடியவில்லை. உள்ளிருந்த கணினியின் முகவரி 10.0.2.15 என்று காட்டியது. எங்கள் வீட்டு வைஃபையில் உள்ள கருவிகளுக்கோ 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்.

வெர்ச்சுவல்பாக்ஸ் தானாகவே தேர்ந்தெடுக்கும் 'நேட்' என்னும் முறை இது. சிறுவயதில் உம்மா சீட்டெழுதி என்னைக் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரருக்குத் தெரிந்தது என் முகம் மட்டுமே. சரக்கும் என் கையிலேயே வரும். சீட்டை எழுதியவரை அவர் தேடிவர இயலாது. நேட்டில் மடிக்கணினிதான் அந்தச் சிறுவன். உள்ளிருக்கும் கணினி அதன் மூலம் இணையத்துக்குச் செல்லும். வெளியிலிருந்து எவரும் நேரே அதனிடம் வர முடியாது. குறிப்பிட்ட ஒரு வழியை நாமே திறந்துவிட்டால் வரலாம். அதைச் செய்யும் பொறுமை எனக்கு அன்று இல்லை.

அமைப்புகளில் 'பிரிட்ஜ்' என்று ஒன்றைக் கண்டேன், மாற்றினேன். உடனே உள்ளிருந்த கணினி எங்கள் மோடத்திடமே முகவரி வாங்கிக்கொண்டது. தம்பிக்குத் திரை தெரிந்தது. நான் பெரிய காரியம் சாதித்தவன்போல் தேநீர் குடிக்கப் போனேன்.

அந்த வாரம் துக்கம் விசாரிக்க உறவினர் பலர் வந்திருந்தனர். அனைவருக்கும் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தோம். விடுமுறைக்கு வந்த மகன் கைப்பேசியைப் பார்த்தபடியே, "வாப்பா, நம் வைஃபையில் கடையின் பெயரில் ஒரு கணினி தெரிகிறதே?" என்றான். எனக்குக் குளிர்ந்துவிட்டது. அந்தப் பெயரைச் சூட்டியவன் நான்தான். கடவுச்சொல்லில் 786 இருந்தது. கடையில் வேலை செய்த யாவரும் அறிந்த சொல் அது.

பிரிட்ஜ் முறையில் மெய்நிகர் கணினி தெருவைப் பார்த்த தனி வாசலும் கதவிலக்கமும் கொண்ட வீடாகிவிடுகிறது. மற்றக் கருவிகளுக்கு அதுவும் ஒரு தனிக் கணினியே. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. 2017இல் வான்னாகிரை பரவியபோதும், 2019இல் நான் திறந்துவைத்த அதே தொலைத்திரை வசதியில் பெரும் ஓட்டை கண்டறியப்பட்டபோதும் விதிவிலக்காகத் திருத்தங்களை வெளியிட்டது. நான் பழைய தகட்டிலிருந்து நிறுவியதில் அவை எதுவும் இல்லை. வந்தவர்களின் கருவி ஒன்றில் நச்சுநிரல் இருந்திருந்தால் பேரேடு முழுவதும் போயிருக்கும். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. வாப்பாவிடம் கடன்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவர்களில் இருவர் அன்று எங்கள் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். பிறர் கடன்பட்ட செய்தி வாப்பாவிடம் இருந்த அமானிதம். அதை நான் கூடத்தில் விரித்துவைத்திருந்தேன்.

மகன் கடிந்துகொள்ளவில்லை. 'ஹோஸ்ட் ஒன்லி' என்பதற்கு மாற்றினான். இதில் மடிக்கணினிக்கும் அதனுள் இருப்பதற்கும் இடையே மட்டும் ஓர் உள்வாசல்; மடிக்கணினிக்கு 192.168.56.1, உள்ளிருப்பதற்கு 192.168.56.101. இணையமும் இல்லை, வீட்டு வைஃபையும் இல்லை. கணக்கறிக்கைகளை என் பக்கம் எடுத்துவர அதுவே போதும். மெய்நிகர் கணினிகள் தமக்குள் மட்டும் பேசிக்கொள்ள 'இன்டர்னல்' என்று இன்னொரு முறையும் உண்டு. எங்களிடம் இருப்பது ஒன்றே, ஆகவே அது தேவைப்படவில்லை.

தம்பிக்கு மாடியிலிருந்து பார்க்கும் வசதி போயிற்று. இப்போது இஷாவுக்குப் பின் அவர் கீழே வந்து என் அருகில் அமர்கிறார். நான் பெயரைப் படிக்க, அவர் தாளில் குறிக்கிறார். சில சுருக்கப் பெயர்களுக்கு உரியவர் யார் என்று உம்மாவிடம் கேட்டால்தான் தெரிகிறது. கொடுக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றைக் கொடுத்துவிட்டோம். சரக்கு அனுப்பிய ஒரு வெளியூர் வியாபாரியும் இறந்துவிட்டாராம். அவருடைய வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு வரி தீரும்வரை எக்ஸ்பியை அழிக்கப் போவதில்லை.