சொன்னதை இன்னொரு முறை

ஜப்பானியர் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது, சொன்னதையே அவர்கள் வேறு வார்த்தையில் மறுபடி சொல்லும் அக்கறை. அந்த மொழிக்கு அது தேவையும்கூட. 'காகாக்கு' என்றால் அறிவியல், வேதியியலும் 'காகாக்கு'தான். எழுதினால் குழப்பமில்லை, முதல் எழுத்தே வேறு. காதுக்கு மட்டும் இரண்டும் ஒன்று. அதனால் வேதியியல் படிப்பவர் 'காகாக்கு' என்றதும், யாரும் கேட்காமலே 'பாக்கேகாக்கு' என்று சேர்த்துக்கொள்வார். உருமாறுதலைக் குறிக்கும் அந்த முதல் எழுத்தை அதன் மற்றொரு ஒலியில் வாசித்துக் காட்டுகிறார். 'ஷிரித்சு' பள்ளியும் அப்படியே. தனியார் பள்ளி என்றால் 'வதாகுஷிரித்சு', நகராட்சிப் பள்ளி என்றால் 'இச்சிரித்சு' என்று பிரித்துச் சொல்வார்கள். எதிரில் இருப்பவர் விழிக்கும்வரை காத்திருப்பதில்லை.

நம் 'அதாவது' ஒன்றே பார்க்கும் வேலையை அங்கே பல சொற்கள் பகிர்ந்துகொள்கின்றன. 'சுனாவாச்சி' முறையான எழுத்துக்கு உரியது. வீட்டுப் பேச்சில் அரிது. 'த்சுமாரி' பேச்சிலும் எழுத்திலும் தாராளமாகப் புழங்கும். சொன்ன சொல் சரியாகப் பொருந்தாதபோது 'தோ இயு கா' வரும். "களைப்பாக இருக்கிறது... தோ இயு கா, தூக்கம் வருகிறது" என்பார்கள். இளைஞர்கள் இதை 'தெயு கா' என்று சுருக்கி, பேச்சை வேறு பக்கம் திருப்பவும் பயன்படுத்துகிறார்கள்.

'சுருக்கமாகச் சொன்னால்' என்று பொருள்படும் 'யோசுருனி'தான் கவனமாகக் கையாள வேண்டிய சொல். அதன் முதல் எழுத்தை 'கானாமே' என்றும் வாசிக்கலாம். மடக்கு விசிறியின் குச்சிகளை அடியில் இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஆணிக்கு அதுதான் பெயர். அது கழன்றால் விசிறி தனித்தனிக் குச்சிகளாகிவிடும். பேச்சின் ஆணி எது என்று காட்டுவது 'யோசுருனி'. நம் பேச்சுக்கு நாமே அதைக் காட்டலாம். ஆனால் மேலதிகாரி நெடுநேரம் விளக்கி முடித்ததும் இளையவர் ஒருவர் 'யோசுருனி' என்று ஆரம்பித்தால், "இவ்வளவு நீட்டி முழக்கியதெல்லாம் இதற்குத்தானா?" என்பதுபோல் ஒலிக்கும். அடுத்தவர் பேச்சுக்குச் சாரம் சொல்லும் உரிமையை நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற இந்த எண்ணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

அதற்குப் பதிலாக அவர்கள் கேள்வியாகக் கேட்கிறார்கள். ஒசாகாவில் வேலை பார்த்தபோது, கூட்டம் முடிந்ததும் உடன் பணியாற்றிய பெண் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். "வெள்ளிக்கிழமைக்குள் மாதிரியை அனுப்புவது, திருத்தம் இருந்தால் திங்களன்று பேசுவது என்று நாங்கள் புரிந்துகொண்டது சரிதானா?" அவ்வளவுதான் கடிதம். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிய விஷயம்தான் அது. மாலையே பதில் வந்தது. தேதிகள் சரி, மாதிரி ஒன்றல்ல, இரண்டு நிறத்திலும் வேண்டும்.