இரண்டு சாவிகள்

வங்கியின் ஸ்ட்ராங் ரூமை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. இரண்டு சாவிகள். ஒன்று அதிகாரியிடம், மற்றது ஹெட் கேஷியரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். கவுண்ட்டரில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகையை நான் பதிந்தால் இன்னொருவர் பார்த்து பாஸ் செய்ய வேண்டும். சந்தேகத்தினால் மட்டும் வந்த ஏற்பாடு அல்ல இது. மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டதனால் வந்தது. 2011-ல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதற்குள்தான் இருக்கிறேன். இதில் யோசிக்க ஏதோ இருப்பதாக 2018 வரை எனக்குத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அதில் ஒன்று டாக்ஸோரூபிசின். நல்ல சிவப்பு. வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கு அது ‘செவப்பு மருந்து’. ரத்தக்குழாய்க்குள் போனால் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். குழாயை விட்டுக் கசிந்தால் அங்கிருக்கும் சதையைக் கொல்லும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றியவள் புதுப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். சிரிஞ்சைப் பிடித்த கை நடுங்கியதை அம்மா பார்த்தாள். நான் பார்க்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன். பாதி மருந்து போனபோது அம்மா “எரியுதும்மா” என்றாள். “கொஞ்சம் எரியும், சரியாயிடும்மா” என்றாள் அந்தப் பெண். அதற்குள் வார்டின் மறுகோடியில் யாரோ கூப்பிட்டார்கள். மிச்ச மருந்தைச் சலைனோடு சேர்ந்து ஓட விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வருவதற்குள் அம்மாவின் புறங்கை வீங்கிச் சிவந்திருந்தது. அவள் ஊசியை உருவிப் போட்டாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். இரண்டும் சரியென்றே எனக்கும் பட்டது. இரண்டு வாரத்தில் அந்த இடம் கறுத்துப் புண்ணாயிற்று. ஆற மாதங்களாயின.

நான் ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம், ஆங்கிலத்தில். பி.ஏ. ஆங்கிலம் படித்ததற்கு என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நேரடியான பயன் கிடைத்ததில்லை. விமர்சனக் கட்டுரை எழுதிப் பழகிய கை. எந்த வாக்கியத்தை எங்கே நிறுத்தினால் எதிராளிக்குப் பதில் சொல்ல வாய் இருக்காது என்று அதற்குத் தெரியும். அடுத்த மாதம் போனபோது அந்தப் பெண் இல்லை. கேட்டேன். “நின்னுட்டாங்க சார்” என்றார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். “நீ எழுதினதாலயா?” தெரியாது என்றேன். இன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள்: “பாவம்டா. அவகூட யாருமே இல்ல.”

அதை வெறும் இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா சொன்னது ஒரு விமர்சனம். அது புரிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

அம்மா 2020-ல் போய்விட்டாள். நோய்தான் திரும்ப வந்தது. கைப்புண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2022-ல் சித்தியின் மகள் அமெரிக்காவில் நர்ஸிங் பட்டம் வாங்கி, லைசென்ஸ் பரீட்சையும் எழுதித் தேறி, ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ‘ரெஸிடென்ஸி’ என்றாள். அது டாக்டர்களுக்கு உரிய வார்த்தை என்று நினைத்திருந்தேன். பட்டமும் லைசென்ஸும் இருந்தாலும் முதல் ஒரு வருஷம் அவள் முழு நர்ஸ் இல்லை, சம்பளத்தோடு கற்றுக்கொள்பவள். ஒருநாள் போனில் அம்மாவின் கைப்புண் கதையைச் சொன்னேன். நியாயம் என் பக்கம் என்று அவள் சொல்ல வேண்டும் என்ற ஆசை உள்ளே இருந்திருக்கலாம். முழுவதும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அந்தப் பொண்ணோட பிரிஸெப்டர் எங்கண்ணா போயிருந்தாங்க?”

பிரிஸெப்டர் என்பது புதியவளின் பக்கத்தில் நிற்கும் மூத்த நர்ஸ். முதல் வாரங்களில் என் தங்கைக்கென்று நோயாளி கிடையாது. மூத்தவள் பின்னால் போவாள், பார்ப்பாள். பிறகு ஒரு நோயாளி, பிறகு இரண்டு, மூன்று. ஒவ்வொரு நாள் முடிவிலும் பேச்சு. மாதத்துக்கொரு முறை அந்த வருஷம் சேர்ந்த புது நர்ஸ்கள் எல்லோரும் ஓர் அறையில் கூடுவார்கள். பாதி நேரம் பாடம். பாதி நேரம் அந்த மாதம் யாரை எது கலங்க வைத்தது என்ற பேச்சு.

கற்கிற விஷயங்களைக் கேட்டேன். மருந்தின் அளவு நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாக, ஒருவர் விடையை ஒருவர் பார்க்காமல், போட்டுப் பார்க்க வேண்டும். விடை ஒத்துப்போனால்தான் மருந்து நோயாளியிடம் போகும். கேட்டபோது எங்கள் ஸ்ட்ராங் ரூம் கதவு கண்முன் வந்தது. சிவப்பு மருந்தைச் சிரிஞ்சால் செலுத்தும்போது நர்ஸ் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. ஊசி குழாய்க்குள்தான் இருக்கிறதா என்று ரத்தத்தைத் திருப்பி இழுத்து அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். எரிகிறது என்று நோயாளி சொன்ன க்ஷணமே நிறுத்த வேண்டும். ஊசியை உருவக்கூடாது, அதன் வழியாகவே கசிந்ததில் முடிந்ததை உறிஞ்சி எடுத்த பிறகுதான் உருவலாம். ஒத்தடம் குளிர்ச்சியாக. அதே கசிவு வின்கிரிஸ்டின் என்ற மருந்தில் நேர்ந்தால் ஒத்தடம் சூடாக. அந்த வின்கிரிஸ்டின் ரத்தக்குழாயில் மட்டுமே போகலாம். தவறி முதுகுத்தண்டு நீரில் போனால் ஏறக்குறைய நிச்சயமாக மரணம். மருந்து ஏற்றிய சில நாட்களில் வெள்ளணுக்கள் விழுந்துவிடும். அப்போது வருகிற 100.4 டிகிரி ஜுரம் வேறு யாருக்கோ வருகிற ஜுரம் அல்ல; ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போயாக வேண்டும்.

இவையெல்லாம் விதிகள். மனப்பாடம் செய்யலாம். அந்தப் பெண்ணுக்கும் இவற்றில் சில பாடத்தில் வந்திருக்கும். ஆனால் எரிகிறது என்ற குரலுக்கும் வார்டின் மறுகோடிக் குரலுக்கும் நடுவே நிற்கும்போது எந்தக் குரல் எந்த விதி என்று யார் சொல்வது?

பழக்கதோஷத்தால் புஸ்தகங்களைத் தேடினேன். இந்த யோசனை புதிதல்ல. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நைட்டிங்கேலின் பள்ளி தொடங்கியபோது அதில் சேர்ந்த பெண்களுக்கு ‘புரொபேஷனர்’ என்று பெயர். வங்கியில் எனக்கு முதல் ஆறு மாதம் இருந்த அதே பெயர். 1974-ல் மார்லின் கிராமர் என்ற அமெரிக்க நர்ஸ், கல்லூரியில் கற்ற நர்ஸிங்குக்கும் வார்டில் காணும் நர்ஸிங்குக்கும் நடுவில் புதியவள் அடையும் அதிர்ச்சியைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். நர்ஸ்கள் ஏன் தொழிலையே விட்டுப் போகிறார்கள் என்பது அவர் கேள்வி. அமெரிக்காவில் ஒரு வருஷ ரெஸிடென்ஸி பரவியதெல்லாம் இந்த நூற்றாண்டில்தான். 2010-ல் அங்குள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிஸின் அதை எல்லாப் புது நர்ஸ்களுக்கும் சிபாரிசு செய்தது. இதன் பின்னால் கருணை மட்டும் இல்லை. முதல் வருஷத்திலேயே ஒரு நர்ஸ் விலகினால் இன்னொருத்தியைத் தேடிப் பழக்க ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு செலவு என்ற கணக்கும் இருக்கிறது. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். கணக்கைக் கேவலமாக நினைப்பவனில்லை. சரியான கணக்கு சில சமயம் கருணை போய்ச் சேராத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது 1984-ல் வந்த பாட்ரிஷியா பென்னரின் புஸ்தகம். கத்துக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவள் வரை ஐந்து படிகள் என்கிறார். ட்ரைஃபஸ் சகோதரர்கள் விமானிகளையும் செஸ் ஆட்டக்காரர்களையும் வைத்துப் போட்ட படிகளை நர்ஸ்களுக்குப் பொருத்திப் பார்த்தார். அவர் ஆராய்ந்த விதம்தான் முக்கியம். ஒரே சம்பவத்தைப் பற்றிப் புது நர்ஸிடம் தனியாகவும், அவளுக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவளிடம் தனியாகவும் கேட்டார். புதியவள் விதியைப் பார்த்திருப்பாள். மூத்தவள் நோயாளியைப் பார்த்திருப்பாள். எதை வைத்துக் கண்டுபிடித்தாய் என்றால் பல சமயம் மூத்தவளுக்கே சொல்லத் தெரியாது.

இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் வருஷக்கணக்காகப் போடுகிற சண்டை இதுதானே? கோட்பாட்டை அளவுகோலாக வைத்துக் கவிதையை அளப்பவர்கள் ஒரு பக்கம். ரசனை ஒன்றே போதும், அதை விளக்க முடியாது என்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது கட்சியில் இருந்தவன். விளக்க முடியாததை வைத்திருப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பென்னரைப் படித்த பிறகு அந்தக் கர்வம் கொஞ்சம் கூசிற்று. விளக்க முடியாத ஞானம் மூத்தவளிடம் இருக்கிறது, சரி. அது அடுத்தவளுக்குப் போக ஒரு வழி வேண்டும். சொல்லிக்கொடுக்க முடியாததைக் கூட நின்றுதான் கொடுக்க முடியும். எனக்குக் கவிதை படிக்க வந்ததும் அப்படித்தான். ஒரு நண்பர் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வேகமாகத் தாண்டிப்போன வரியில் விரலை வைத்து “இங்க நில்லு” என்பார். காரணம் சொன்னதில்லை.

தங்கைக்கு முதல் மரணம் நாலாவது மாதத்தில் வந்தது. வயதான மனிதர். அவளை வெளியே அனுப்பியிருக்கலாம். பிரிஸெப்டர் அனுப்பவில்லை. இருவரும் சேர்ந்து உடம்பைத் துடைத்தார்கள். ‘இப்போது உங்களைத் திருப்பப் போகிறோம்’ என்று இறந்தவரிடம் சொல்லிவிட்டு மூத்தவள் திருப்பினாளாம். அடுத்த கையைத் துடைக்கும்போது இவளும் சொன்னாள். “யாரும் சொல்லச் சொல்லலண்ணா. தானா வந்துடுச்சு.”

இங்கும் புற்றுநோய் நர்ஸிங்குக்கென்று ஒரு வருஷ டிப்ளமா இருக்கிறது. எல்லோரும் அதைப் படித்துவிட்டு வார்டுக்கு வருவதில்லை. பட்டம் வாங்கி, கவுன்ஸிலில் பதிந்து, நேராக வந்து நிற்கிறவர்கள் உண்டு. அந்தப் பெண் அப்படி வந்தவளா என்று நான் விசாரிக்கவில்லை. அவள் பெயரைக் கடிதத்தில் எழுதுவதற்காக மட்டும்தான் விசாரித்தேன்.

2011-ல் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் கேஷில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. இரவு எட்டு மணி. ஹெட் கேஷியர் வீட்டுக்குப் போகவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கட்டுக்களைப் பிரித்து எண்ணினோம். ஒரு கட்டில் நூற்றியொரு தாள் இருந்தது. திட்டவில்லை. “நாளைக்கும் நான் இங்கதான் உட்காருவேன்” என்றார். ஆறு மாதம் அப்படி உட்கார்ந்தார். ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு ஸ்தாபனம் எனக்கு ஓர் ஆளைக் கொடுத்தது. என் அம்மாவின் கைக்காக அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் கொடுக்கப்படவில்லை. பணத்துக்கு இரண்டு சாவி போடுகிற ஊரில் உடம்புக்கு ஒன்று போதும் என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். அந்த ஒற்றைச் சாவியைத்தான் அவள் நடுங்கும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் படித்தேன். நல்ல நடை. ஒரு பிழையில்லை. நாள், நேரம், படுக்கை எண், மருந்தின் பெயர் எல்லாம் சரியாக இருக்கின்றன. அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் யார் நின்றிருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் இரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை.