மனவுறுதி மட்டும் போதாது



வகுப்பில் புகையிலையின் தீமையை நடத்திவிட்டு, இடைவேளையில் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று பற்றவைத்தவன் நான். உங்களில் சிலர் பார்த்தும் பேசாமல் போயிருக்கிறீர்கள். விட்டு ஏழு வருடம் ஆகிறது. இன்றும் டீ குடித்தால் கை சட்டைப்பையைத் தடவுகிறது.

மனவுறுதி இல்லாதவன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் மூளையே அபினைப் போன்ற எண்டார்பின்களைச் சுரக்கிறது. சிகரெட்டின் நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டி, டோபமினோடு இவற்றையும் கிளப்பிவிடுகிறது. அபின் போய் ஒட்டும் 'மியூ' ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்கு நிக்கோட்டின் சுகம் தரவில்லை என்று 2002-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை, மனிதர்கள் புகையை விடக் கைகொடுப்பதாகச் சோதனைகளில் நிரூபணமாகவில்லை. இந்த ஆசை ஒரே கதவு வழியாக வருவதில்லை.

ஆகவே, விட முடியாமல் தவிக்கிற பிள்ளைகளே, உங்களை நீங்களே இழிவாக நினைக்காதீர்கள். தவிப்பு எழுந்தால் தண்ணீர் குடித்து நாலு எட்டு நடந்து வாருங்கள். சில நிமிடத்தில் தணியும். மருத்துவரிடம் கேளுங்கள், 1800 11 2356 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம்.

அன்று நான் ஒளிந்து நின்றேன். நீங்கள் ஒளியாமல் உதவி கேளுங்கள்.