அக்காவின் லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது எங்க மாவட்டத்துக் காக்களூரில்தான். அக்காவுக்குக் கிடைத்தது சார்ஜரோடு ரெண்டு கிலோவுக்கு மேல. அதை வச்சே டிகிரி முடித்தாள்.

இப்போ என் முறை. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறநகர் ரயில், பாதி நாள் நின்றபடி. பெட்டியில் சார்ஜ் போட வழியில்லை. எனக்கு வேண்டியது 1.3 கிலோவுக்குள் எடை, 50 வாட்-அவர் பேட்டரி, டைப்-சி சார்ஜிங். ராம் முதலிலேயே 16 ஜிபி வேணும்; மெலிசான மாடல்கள் பலவற்றில் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது.

கடைக்காரர் கேமிங் மாடலையே காட்டினார். "இதைத் தூக்கிட்டு மலைக்கோயில் 365 படி ஏறிப் பாருங்கண்ணா" என்றேன்.

அப்பா விலையைப் பார்த்துவிட்டு, "அக்காவோடது இன்னும் ஓடுதேம்மா" என்றார்.

ஓடுதுப்பா, பிளக்கில் இருக்கிற வரைக்கும்.