பாலாறு தாண்டினால்

கொளத்தூரில் டீ குடிக்க நிறுத்தினேன். கடைக்கார அம்மா சைக்கிளில் மாட்டியிருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்துவிட்டு, "மலைக்குங்களா தம்பி? இது எப்படிங்க பத்தும்? பாலாறு தாண்டிட்டா காடுதானுங்க" என்றார். முதுகுப் பையைத் திருப்பிக் காட்டினேன். உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர்ப்பை. பாட்டில்கள் ஒவ்வொன்றும் முக்கால் லிட்டர். மொத்தம் மூன்றரை. அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

அவர் கவலை நியாயமானதுதான். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலை சுமார் 45 கிலோமீட்டர். போன வருடம் அந்த எண்ணை நம்பி இரண்டு பாட்டிலோடு வந்தேன். சமதரையில் இரண்டரை மணி நேரப் பாதை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். பாதி ஏற்றத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவன், கை நடுக்கம் நிற்கும்வரை எழவில்லை.

தண்ணீரைக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது, மணிக்கணக்கில் போட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பாலாற்றிலிருந்து மலை உச்சிவரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சமதரையில் அது ஒரு மணி நேரம். ஏற்றத்தில் எனக்கு இரண்டரை மணி நேரம். வேகம் எட்டு கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டால் முகத்தில் காற்றே படாது, வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும். ஊருக்குத் திரும்பியதும் எடை பார்த்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் மிதித்ததில் 900 கிராம் குறைந்திருந்தது. நடுவில் குடித்தது 300 மில்லி. ஆக, மணிக்கு 1.2 லிட்டர். இரண்டரை மணி நேரத்துக்கு மூன்று லிட்டர், கைக்காவலாக அரை லிட்டர். யாரும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது. ஆளுக்கு ஆள் மாறும். அதனால் என் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோவிந்தபாடியில் பாட்டில்களை மறுபடி நிரப்பினேன். முதுகுப் பையில் இருப்பது ஓ.ஆர்.எஸ். கரைசல்: இரண்டு லிட்டருக்கு இரண்டு பாக்கெட். பாக்கெட் ஒரு லிட்டருக்கு அளந்து செய்தது. முக்கால் லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு தூக்கலாகிவிடும். மணிக்கணக்காக வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தாலும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். பாட்டில்களில் மட்டும் வெறும் தண்ணீர், ஏனென்றால் அது தலையில் ஊற்றவும் வேண்டும்.

பாட்டிலுக்குப் பழைய பருத்தி சாக்ஸ் ஒன்றை மாட்டி நனைத்து வைத்திருந்தேன். மண்பானை செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்கிறது, ஈரம் காயக் காயத் தண்ணீர் குளிரும். இந்த சாக்ஸுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1980-களின் கடைசியில் டெக்சாஸ் வெயிலில் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்குப் போன மைக்கேல் ஐட்சன், மருத்துவமனையில் சலைன் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, சாக்ஸுக்குள் திணித்து, முதுகில் தொங்கவிட்டுக் குழாய் வழியாகக் குடித்தார். அதுதான் பிறகு கேமல்பேக் என்ற முதுகுத் தண்ணீர்ப்பை ஆனது. என் முதுகில் இருப்பதும் அந்த வம்சம்தான்.

பாலாறு பங்குனியில் மணலாகக் கிடந்தது. பாலத்தைத் தாண்டியதும் கர்நாடகம். 1997 வரை மைசூரு மாவட்டம், இப்போது சாமராஜநகர். இருபுறமும் இலையுதிர்ந்த முள்மரங்கள். 2013-இல் வனவிலங்குச் சரணாலயமான காடு இது. வழியில் யானைச் சாணம் கிடந்தது, அதன் ஈரம்கூட இன்னும் காயவில்லை. எங்காவது குட்டை தெரிந்தாலும் இறங்கக் கூடாது, அது யானைகளுக்கான தண்ணீர்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு குடித்தேன். போன வருடம் உட்கார்ந்த புளியமரத்தை இந்த முறை நிற்காமலே கடந்தேன்.

அதற்கு இரண்டு வளைவு மேலே வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள் ஒரு பெரியவரும் அவர் மனைவியும். தர்மபுரிப் பக்கமாம். "உகே மாதேஸ்வரா" என்று கும்பிட்டவர், "தண்ணி இருக்குதா சாமி?" என்றார். சாக்ஸ் பாட்டிலைக் கழற்றி அவர்கள் சொம்பில் ஊற்றினேன். அரை லிட்டராவது இருக்கும். அந்த அம்மா இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக் குடித்துவிட்டு, "ஜில்லுன்னு இருக்குதே!" என்றார்.

கோயில் வாசலுக்கு வந்தபோது குழாயை உறிஞ்சினால் காற்றுதான் வந்தது. அடுத்த முறை நான்கு லிட்டர்.