தேதி எங்கே, ஸார்?

டாக்குமெண்டரி என்றாலே சத்தியம் என்று நினைக்கிறோம், இல்லையா? 2020-ல் யூடியூபில் வெளியான 'பிளானட் ஆஃப் த ஹ்யூமன்ஸ்' படத்தை எதிர்வீட்டு மாமாவும் நானும் சேர்ந்து பார்த்தோம். அமெரிக்கப் பசுமை இயக்கத்தாரை ஜெஃப் கிப்ஸ் அதில் ஒரு பிடி பிடிக்கிறார். மரத்தை வெட்டி எரித்துவிட்டு, அதற்குப் 'பசுமை மின்சாரம்' என்று பெயர் வைக்கிறார்களே, அதைத் தட்டிக் கேட்கிறார். பேஷ்! நானே கை தட்டினேன்.

அப்புறம் மிச்சிகனில் ஒரு சூரிய மின் பண்ணை. விழுகிற வெயிலில் 8 சதவிகிதங்கூட மின்சாரமாவதில்லையாம். காட்சியோ சுமார் பத்து வருஷப் பழசு! படம் வந்த சமயம் கடையில் விற்ற தகடுகள் 15, 20 சதவிகிதம் கொடுத்துக்கொண்டிருந்தன. எண்ணில் பொய்யில்லை, ஐயா. எடுத்த வருஷத்தைத்தான் சொல்லவில்லை.

மறுநாள், மாடியில் தகடு மாட்ட வந்த ஆளை மாமா வாசலோடு திருப்பி அனுப்பினார்.

"படத்திலேயே காட்டிவிட்டானே!" என்றார்.